டெக்ஸாஸ்ல வருமான வரியே கிடையாது, அப்புறம் எதுக்கு இந்தப் புலம்பல்?

கேள்வியை ஒருதடவை திரும்பச் சொல்லிடறேன், அப்பதான் பதில் எங்க போகுதுன்னு புரியும். நீங்க நியூ ஜெர்சில இருந்து டல்லாஸ் பக்கம் மாறி வந்து வீடு வாங்கியிருக்கீங்க, பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனவர், பக்கா ரிபப்ளிகன், தங்கமான மனுஷன், ஆனா வாயைத் திறந்தா வரி, அரசாங்க செலவு, நாட்டோட கடன், இந்த மூணைத் தாண்டிப் பேச்சே இல்ல. ஸ்டேட்ல வருமான வரி கிடையாது, கவர்னர் அவங்க ஆளு, வாஷிங்டன்லயும் இப்ப அவங்க கட்சிதான், அப்புறம் யார் மேல இவருக்கு இவ்வளவு கோவம், இது நிஜமா இல்ல வேஷமான்னு கேட்டிருக்கீங்க. எனக்கு என்ன படுதுன்னா, நீங்க கேக்கறது வரி எத்தனை பர்சன்ட்ங்கற கணக்கு இல்ல, தான் ஓட்டுப் போட்ட கட்சி ஜெயிச்ச பிறகும் ஒருத்தருக்கு ஏன் ஆத்திரம் அடங்கலைங்கறது. அதுக்குத்தான் பதில் சொல்லப் பாக்கறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் யாருன்னு சொல்லிடணும். டெக்ஸாஸ்ல பல வருஷமா டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுக் குடுக்கற வேலை, ஐஆர்எஸ், அதாவது ஃபெடரல் வரித்துறை, லைசன்ஸ் குடுத்த வரி ஆலோசகர், என்ரோல்டு ஏஜென்ட்ம்பாங்க. வர்றவங்கள்ல பாதி நம்ம ஆளுங்க, ஐடில சம்பளக்காரங்க. மீதிப் பாதி ப்ளம்பிங், ஏசி மெக்கானிக், ரூஃபிங், சின்ன ரெஸ்டாரன்ட்னு சொந்தத் தொழில் பண்றவங்க, அதுல பெரும்பாலும் உங்க பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி கன்சர்வேட்டிவ்தான். நான் யாருக்கு ஓட்டுப் போடறேங்கறது இங்க தேவையில்லாதது. நான் அரசியல் படிச்சவனும் இல்ல, ஒரு சபர்ப்ல ஒரு டேபிளுக்குப் பின்னாடி உக்காந்து பாக்கறதுதான் என் அனுபவம், ஓஹாயோல ஃபேக்டரி மூடின ஊர்ல இதே கோவம் வேற மாதிரி இருக்கலாம். ஆனா ஜனவரில இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் ஜனங்க அரசாங்கத்தைப் பத்தி என்ன பேசறாங்கன்னு கேக்கறதுக்கு இதைவிட நல்ல சீட் கிடைக்காது.

வேஷம் இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா அந்தக் கோவத்துக்குள்ள மூணு நாலு தனித்தனி விஷயம் கலந்து கிடக்கு, அவங்களே பிரிச்சுப் பாக்க மாட்டாங்க, அதனால வெளில இருந்து பாக்கறவங்களுக்கு முன்னுக்குப்பின் முரணாத் தெரியும்.

முதல்ல வீட்டு வரி. டெக்ஸாஸ்ல வருமான வரி இல்லைன்னு சொல்லித்தான் பாதிப் பேர் கலிஃபோர்னியா, நியூ ஜெர்சில இருந்து கிளம்பி வர்றாங்க, 2019ல அதை ஸ்டேட் அரசியல் சட்டத்துலயே தடை பண்ணி வச்சுட்டாங்க. ஆனா பள்ளிக்கூடம், போலீஸ், ரோடு எல்லாத்துக்கும் காசு எங்கேந்தோ வந்துதானே ஆகணும், அது ப்ராப்பர்ட்டி டாக்ஸ்ல வருது. 2024 கணக்குல 4 லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு, ஸ்கூலுக்கு 1.1 சதவீதம், சிட்டி, கவுண்டி, மத்ததெல்லாம் சேர்த்து இன்னொரு 1.1ன்னு வச்சுக்கங்க, ஹோம்ஸ்டெட் தள்ளுபடி, அதாவது நாமளே குடியிருக்கற வீட்டோட மதிப்புல வரி போடாம விடற பகுதி, ஒரு லட்சம் ஸ்கூல் பக்கம் போனாலும் பில்லு 7,700 டாலர். இதை வருமானத்தைப் பாத்துப் போடறதில்ல. வேலை போனாலும் வரும், ரிட்டயர் ஆனாலும் வரும், வீட்டுக்கடனை முழுசா அடைச்சாலும் வரும். "கடன் தீந்தப்புறமும் என் சொந்த வீட்டுக்கு நான் வாடகை குடுத்துட்டிருக்கேன்"னு இங்க வயசானவங்க சொல்லாத நாளே இல்ல, அதுல தப்பு சொல்ல எனக்கு வாய் வரலை.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா ஸ்டேட் அளவுல 1994க்கு அப்புறம் ஒரு டெமாக்ரட் கூட ஜெயிச்சதில்ல, சட்டசபை ரெண்டு அவையும் 2003ல இருந்து ரிபப்ளிகன் கைலதான், இந்த வரியை வளர விட்டதும் அவங்கதான், குறைக்கறோம்னு ஒவ்வொரு தேர்தல்லயும் சொல்றதும் அவங்கதான். 2023ல ஸ்டேட் கஜானால 3,200 கோடி டாலருக்கு மேல உபரி இருந்துச்சு, அதுல பெரிய பங்கை எடுத்து ஹோம்ஸ்டெட் தள்ளுபடியை 40 ஆயிரத்துல இருந்து ஒரு லட்சம் ஆக்கினாங்க, 2025 நவம்பர்ல ஓட்டுக்கு விட்டு அது 1,40,000 ஆச்சு. நிஜமாவே பில்லு குறைஞ்சுது, நான் கண்ணால பாத்தேன். ஆனா சனங்களுக்கு அது உறைக்கலை, ஏன்னா அப்ரைசல், அதாவது வரிக்காக வீட்டுக்குப் போடற மதிப்பு, கூடிட்டே போச்சு, அதோட பெரும்பாலானவங்க வரியைத் தனியாக் கட்டறதில்ல, வீட்டுக்கடன் மாசத் தவணையோட எஸ்க்ரோல, அதாவது பேங்க் வாங்கி வச்சு நமக்காகக் கட்டற கணக்குல, போகுது, அதே எஸ்க்ரோல வீட்டு இன்ஷூரன்ஸும் போகுது. ஆலங்கட்டி மழை, புயல்னு இன்ஷூரன்ஸ் தாறுமாறா ஏறின வருஷங்கள்ல தவணை 250 டாலர் கூடுதுன்னு பேங்க் லெட்டர் வரும், அதைத் தூக்கிட்டு என்கிட்ட வந்து "பாத்தியா, மறுபடியும் வரியை ஏத்திட்டானுங்க"ம்பாங்க. ரெண்டாவது பக்கத்துல பிரிச்சுப் போட்டிருக்கும், வரி 40 டாலர் இறங்கியிருக்கும், இன்ஷூரன்ஸ் 290 ஏறியிருக்கும். விரலை வச்சுக் காட்டினா ஒரு நிமிஷம் பேசாம இருப்பாங்க, அப்புறம் "எல்லாம் ஒண்ணுதான்"னுட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க.

அடுத்தது சொந்தத் தொழில்காரங்களோட கோவம், இது சம்பளக்காரங்களான நமக்குப் புரியவே புரியாது. ஒரு உதாரணம் போட்டுக் காட்டறேன். புருஷன் ப்ளம்பிங் கான்ட்ராக்டர், மனைவி வேலைக்குப் போகலை, சின்னப் பசங்க ரெண்டு பேர், செலவெல்லாம் போக தொழில்ல 80,000 டாலர் லாபம். 2024 விதிப்படி ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 29,200 (எல்லாருக்கும் கிடைக்கற கழிவு) கழிச்சு, தொழில் வருமானத்துக்கான 20 சதவீதக் கழிவும் போட்டா வருமான வரி 3,900 டாலருக்குக் கொஞ்சம் கம்மியா வரும், ரெண்டு பிள்ளைக்கு 4,000 டாலர் க்ரெடிட் இருக்கு, ஆக வருமான வரி சைபர். சந்தோஷமா எந்திரிச்சுப் போவாருன்னு பாத்தா அதுக்குக் கீழ இன்னொரு வரி நிக்கும், செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ், கிட்டத்தட்ட 11,300 டாலர். சோஷியல் செக்யூரிட்டிங்கற அரசாங்கப் பென்ஷனுக்கும், 65 தாண்டினவங்களுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் போறது. நமக்கு இதுல பாதி, 7.65 சதவீதம், சம்பளத்துலயே பிடிச்சுடறாங்க, மீதிப் பாதியைக் கம்பெனி கட்டுது, ரெண்டையும் நாம பாக்கறதே இல்ல. அவர் ரெண்டு பாதியையும் சேத்து 15.3 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒருதடவை தன் கையால செக் எழுதிக் கட்டறாரு. "போன தடவை உங்க ஆளுங்க வரியைக் குறைச்சாங்களே"ன்னு யாராவது சொன்னா அவருக்கு எரியுமா எரியாதா? அவருக்கு அதிகமா வலிக்கற வரியை, 2011, 2012ல தற்காலிகமா ரெண்டு பாயின்ட் குறைச்சதைத் தவிர, எந்தக் கட்சியும் குறைச்சதில்ல. ரிபப்ளிகன் வரிக்குறைப்பு வந்த 2017லயும் தொடலை, 2025லயும் தொடலை.

செக் எழுதறதுன்னு சொன்னேன்ல, அதுதான் இதுல பாதி விஷயம். 1943 வரைக்கும் அமெரிக்கால எல்லாரும் வருஷம் முடிஞ்சு மறுவருஷம்தான் வருமான வரியைக் கட்டினாங்க. ரெண்டாம் உலகப் போர்ல பணம் அவசரமாத் தேவைப்பட்டுச்சு, சம்பளத்துலயே பிடிச்சுக்கற முறையைக் கொண்டு வந்தாங்க, அதை வடிவமைச்ச கூட்டத்துல இளவயசு மில்டன் ஃப்ரீட்மனும் இருந்தாரு, பின்னாடி சின்ன அரசாங்கம் பேசறவங்களுக்கெல்லாம் குருவாப் போன அதே ஃப்ரீட்மன். அந்த முறை வந்தப்புறம் சம்பளக்காரனுக்கு வரி வலிக்கறதே இல்ல, ஏப்ரல்ல ரீஃபண்ட் 3,000 டாலர் வந்தா அரசாங்கம் பரிசு குடுத்த மாதிரி சிரிச்சுட்டுப் போறான். வீட்டு வரியும் தொழில்காரன் வரியும் மட்டும்தான் இன்னும் பில்லு மாதிரி வருது. பில்லாப் பாக்கறவனுக்குத்தான் கோவம் வரும், அவன் எந்தக் கட்சியா இருந்தாலும். 1978ல கலிஃபோர்னியால ஹோவர்ட் ஜார்விஸ் கொண்டு வந்த ப்ரபொசிஷன் 13, வீட்டு வரிக்கு உச்சவரம்பு போட்ட வாக்கெடுப்பு, ஜெயிச்சதும் வீட்டு வரிக் கோவத்துலதான், கிட்டத்தட்ட 65 சதவீதம் ஓட்டு, அதுல டெமாக்ரட்டுகளும் ஏகப்பட்ட பேர். ரெண்டு வருஷம் கழிச்சு ரீகன் வந்தாரு.

வரிக் கதை இதோட போதும், இனி செலவு. இங்கதான் என் வாடிக்கையாளர்கள்கிட்டயே நான் ஒத்துப்போகாத இடம் வருது. 2024 நிதியாண்டுல ஃபெடரல் அரசாங்கம் செலவு பண்ணது சுமார் 6.75 லட்சம் கோடி டாலர், வரவு 4.9 லட்சம் கோடி, துண்டு விழுந்தது 1.8 லட்சம் கோடிக்கு மேல. செலவுல சோஷியல் செக்யூரிட்டி 1.45 லட்சம் கோடி, மெடிகேர் 87,000 கோடி, ஏழைகளுக்கான மெடிகெய்டு 62,000 கோடி, ராணுவம் 85,000 கோடி, கடனுக்கு வட்டி மட்டும் 88,000 கோடி. வட்டி ராணுவத்தை மிஞ்சிடுச்சு, கவனிச்சீங்களா? இந்த அஞ்சுலயே பத்துல ஏழு பங்கு காலி, பழைய ராணுவத்தினருக்குப் போறதையும் சேத்தா முக்கால்வாசி ஆச்சு. ஆனா எந்த பார்பிக்யூலயாவது இந்த அஞ்சைப் பத்திப் பேசிக் கேட்டிருக்கீங்களா? பேச்செல்லாம் வெளிநாட்டுக்குக் குடுக்கற உதவி, வேலைக்குப் போகாம உக்காந்து சாப்பிடறவன், வாஷிங்டன்ல மேசையைத் தேய்க்கற அதிகாரி. வெளிநாட்டு உதவி ரொம்பக் காலமா மொத்த செலவுல ஒரு சதவீதம் பக்கம்தான், கருத்துக்கணிப்புல கேட்டா ஜனங்க சராசரியா கால்வாசின்னு சொல்றாங்க. ராணுவம் சாராத ஃபெடரல் ஊழியர்கள் சம்பளம், பென்ஷன் சலுகை எல்லாம் சேத்தாலும் அஞ்சு சதவீதம் பக்கம்தான்.

2009ல சவுத் கரோலினால பாப் இங்லிஸ்னு ஒரு ரிபப்ளிகன் எம்பி கூட்டம் போட்டப்ப ஒரு பெரியவர் எந்திரிச்சு, என் மெடிகேர் மேல அரசாங்கம் கை வைக்கக் கூடாதுன்னாராம். ஐயா மெடிகேரைக் குடுக்கறதே அரசாங்கம்தான்னு இங்லிஸ் பொறுமையா எடுத்துச் சொல்லியும் அவர் கேக்கலை. இதைச் சொல்லிச் சொல்லி லிபரல் பக்கம் சிரிப்பாங்க. ஆனா நான் அந்தப் பெரியவரை முட்டாள்னு சொல்ல மாட்டேன். நாப்பது வருஷம் சம்பளத்துல மெடிகேர்னு தனி வரி போட்டுப் பிடிச்சிருக்காங்க, அவர் அதைத் தன் சேமிப்புன்னுதான் நினைக்கறாரு, சலுகைன்னு நினைக்கலை. பாதி நியாயம் இருக்கு. மீதிப் பாதி இல்ல, ஏன்னா சராசரி ஆள் மெடிகேருக்குக் கட்டினதைவிட வாங்கறது கணிசமா அதிகம், அந்த வித்தியாசம் வேற யாரோ கட்டற வரிலயோ கடன்லயோ இருந்துதான் வருது. கார்னெல் யூனிவர்சிட்டில சூசன் மெட்லர்னு ஒரு பேராசிரியை 2008ல எடுத்த சர்வேல, வீட்டுக்கடன் வட்டிக்கு வரிக்கழிவு வாங்கறவங்கள்ல 60 சதவீதம் பேர் நான் எந்த அரசாங்கத் திட்டத்துலயும் பயன் அடைஞ்சதில்லைன்னு சொல்லியிருக்காங்க, மெடிகேர் வாங்கறவங்கள்லயே 40 சதவீதம் பேர் அதையே சொன்னாங்க. இது என் டேபிள்லயும் நடக்கறதுதான். கோவிட் வந்தப்ப பிபிபி லோன், அதாவது ஊழியர் சம்பளத்துக்காகச் சின்னத் தொழில்களுக்கு அரசாங்கம் குடுத்த கடன், வாங்காத சின்ன முதலாளி யாரும் என்கிட்ட இல்லைன்னே சொல்லலாம், நாடு முழுக்க சுமார் 80,000 கோடி டாலர், அப்புறம் அதுல பெரும்பகுதி தள்ளுபடியும் ஆச்சு. அதே ஆள் அடுத்த வருஷம் வந்து சும்மா காசை வாரி இறைக்கறாங்கன்னு திட்டுவாரு. கேட்டா, "கடையை மூடச் சொன்னதே அரசாங்கம், அது நஷ்டஈடு"ம்பாரு. அதுவும் சரிதானே? ஒவ்வொருத்தனுக்கும் தான் வாங்கறது உரிமை, அடுத்தவன் வாங்கறது ஊதாரித்தனம். இதுல கன்சர்வேட்டிவ், லிபரல்னு பேதமே இல்ல, ஆனா சின்ன அரசாங்கம் வேணும்னு கொடி பிடிக்கறவங்ககிட்ட இது கண்ணுல குத்தற மாதிரித் தெரியுது.

சரி, நீங்க கேட்டதோட நடுமையத்துக்கு வர்றேன், கட்சி ஜெயிச்சும் ஏன் கோவம். ஏன்னா அவங்க கோவத்துல பாதி சொந்தக் கட்சி மேலதான், இதை வெளியாளுங்க கவனிக்கறதே இல்ல. 1988ல அப்பா புஷ் "என் உதட்டைப் பாருங்க, புது வரி கிடையாது"ன்னு சத்தியம் பண்ணி ஜெயிச்சாரு, 1990ல பற்றாக்குறையைக் குறைக்க டெமாக்ரட்டுகளோட உடன்பாடு போட்டு வருமான வரியோட உச்ச விகிதத்தை 28 சதவீதத்துல இருந்து 31 ஆக்கினாரு, 1992ல தோத்தாரு, அந்தத் தேர்தல்ல கடனைப் பத்தியே பேசிட்டிருந்த ராஸ் பெரோ தனியா நின்னு 19 சதவீதம் ஓட்டு வாங்கினாரு. அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் வரியை ஏத்தறதுன்னா ரிபப்ளிகன் தலைவர்களுக்குக் கிலி, வரி எதிர்ப்பு இயக்கம் நடத்தற க்ரோவர் நார்க்விஸ்ட் 1986ல ஆரம்பிச்ச வரி ஏத்த மாட்டேன்ங்கற உறுதிமொழில பெரும்பாலான எம்பிக்கள் கையெழுத்துப் போட்டவங்க. ஆனா செலவைக் குறைப்பேன்னு யாரும் அப்படிக் கட்டுப்பட்டதில்ல. மகன் புஷ் வரியைக் குறைச்சாரு, கூடவே ரெண்டு போர், மெடிகேர்ல மாத்திரைச் செலவையும் சேத்தாரு, கடைசில 2008ல பேங்குகளைக் காப்பாத்த 70,000 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டாரு. அந்த மசோதா முதல் தடவை ஹவுஸ்ல, அதாவது காங்கிரஸோட கீழவைல, தோத்ததே அவர் கட்சிக்காரங்க மூணுல ரெண்டு பங்கு எதிர்த்து ஓட்டுப் போட்டதாலதான். டீ பார்ட்டிங்கற வரி, செலவு எதிர்ப்பு இயக்கம் ஒபாமாவுக்கு எதிரா மட்டும் கிளம்புச்சுன்னு எழுதறவங்க இதை மறந்துடறாங்க, 2009 ஏப்ரல் 15 ஊர்வலத்துக்குப் போன என் வாடிக்கையாளர்கள் புஷ், ஒபாமா ரெண்டு பேரையும் சேத்துத்தான் திட்டினாங்க.

கணக்கைப் பாத்தா ஒரு விசித்திரம் தெரியும். கடைசியா ஃபெடரல் பட்ஜெட் உபரில இருந்தது 1998ல இருந்து 2001 நிதியாண்டு வரைக்கும், பெரும்பாலும் கிளின்டன் ஜனாதிபதி, காங்கிரஸ் ரிபப்ளிகன் கைல. அதுக்கப்புறம் 2012, 2013லயும் செலவு நிஜமாவே டாலர் கணக்குல இறங்குச்சு, ஒபாமா ஜனாதிபதி, ஹவுஸ் ரிபப்ளிகன் கைல, 2011ல சண்டை போட்டுச் செலவுக்கு உச்சவரம்பு வச்சாங்க. பற்றாக்குறை 1.4 லட்சம் கோடில இருந்து 2015ல 44,000 கோடிக்கு வந்துச்சு. அப்புறம் 2017ல எல்லாமே ரிபப்ளிகன் கைக்கு வந்துச்சு, வரிக்குறைப்பு வந்துச்சு, 2018ல ரெண்டு கட்சியும் சேந்து அந்த உச்சவரம்பை ஏத்தினாங்க, பொருளாதாரம் நல்லா ஓடிட்டிருந்த 2019லயே பற்றாக்குறை 98,000 கோடி, அதுவும் கோவிட் வர்றதுக்கு முன்னாடி. 2025ல மறுபடி முழு ஆட்சி. எலான் மஸ்க் 2 லட்சம் கோடி வெட்டுவேன்னு தேர்தல் மேடைல சொல்லிட்டு வந்தாரு, ஆளுங்களை வேலையை விட்டுத் தூக்கினாரு, வெளிநாட்டு உதவி ஏஜென்சியை மூடினாங்க, யானைப் பசிக்குச் சோளப்பொரிதான், அந்த நிதியாண்டு முடியறப்ப மொத்த செலவு 7 லட்சம் கோடியைத் தொட்டிருந்துச்சு. ஜூலை 4ல கையெழுத்தான பெரிய மசோதா பத்து வருஷத்துல பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி கூட்டும்னு சிபிஓ, அதாவது காங்கிரஸோட சொந்தக் கணக்காளர்களே சொன்னாங்க. ஹவுஸ்ல கடனைக் காரணம் காட்டி கென்டக்கி தாமஸ் மாஸி எதிர்த்து ஓட்டுப் போட்டாரு, செனட்ல ராண்ட் பால். கட்சித் தலைமை அவங்களைத் துரோகின்ன மாதிரிப் பேசிச்சு. உங்க பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆள் இதையெல்லாம் பாத்துட்டு எப்படிச் சமாதானம் ஆவாரு சொல்லுங்க.

ஏன் இப்படி திரும்பத் திரும்ப நடக்குது? வரியைக் குறைச்சா அரசாங்கம் பட்டினி கிடந்து தானா இளைச்சுடும்னு ஒரு கொள்கை கன்சர்வேட்டிவ் வட்டாரத்துல ரொம்ப நாளா உண்டு. ரீகனோட பொருளாதார ஆலோசகர் குழுவுல இருந்து, பிறகு சின்ன அரசாங்கம் பேசற ஆய்வு அமைப்பான கேட்டோ இன்ஸ்டிட்யூட்டுக்குத் தலைவரா இருந்த வில்லியம் நிஸ்கானன், இவரைவிடச் சின்ன அரசாங்கம் பேசற ஆள் கிடைக்க மாட்டாரு, 1981க்குப் பிறகான கணக்கை எடுத்து வச்சுப் பாத்து நேர் எதிரா இருக்குன்னு சொன்னாரு. வரி குறைஞ்ச காலத்துல செலவு கூடியிருக்கு. அவர் சொன்ன காரணம் எளிமையானது: நூறு ரூபாச் சாமானை எண்பது ரூபாய்க்கு வித்தா ஜனங்க இன்னும் ரெண்டு எடுத்துப் போடத்தான் செய்வாங்க, மீதி இருபது ரூபா கடன்ல போகுது, அது யார் கண்ணுக்கும் தெரியாது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைங்கற கதைதான். வரிக்குறைப்புக்கு எல்லாரும் கை தட்டறாங்க, செலவைக் குறைக்கணும்னா மெடிகேர், சோஷியல் செக்யூரிட்டில கை வைக்கணும், அதை வாங்கறவங்கள்ல பெரும் பங்கு அவங்க கட்சியோட சொந்த ஓட்டு வங்கி, 65 தாண்டின ஆளுங்க. ட்ரம்ப் இதைப் புரிஞ்சுக்கிட்டு 2016லயே அந்த ரெண்டையும் தொட மாட்டேன்னு வெளிப்படையாச் சொல்லித்தான் ஜெயிச்சாரு. ஆக ஓட்டர் கேட்டதுல பாதியை மட்டும் கட்சி ஒவ்வொரு தடவையும் குடுக்குது, மீதிப் பாதியைக் குடுத்தா அதே ஓட்டர் தோக்கடிச்சுடுவாருன்னு அதுக்குத் தெரியும். நான் பாத்தவரைக்கும் இந்த விரக்தியோட ஆணிவேர் இதுதான்.

இதுவரைக்கும் சொன்ன எண்களெல்லாம் கணக்கு, அதுல வாதம் இல்ல. இனி சொல்றதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடற விஷயம். வரியைக் குறைச்சா வளர்ச்சி வந்து தானே ஈடுகட்டிடுமான்னு கேட்டா, கொஞ்சம் வளர்ச்சி வரும்ங்கறதைப் பெரும்பாலானவங்க ஒத்துக்குவாங்க, முழுசா ஈடுகட்டும்னு சொல்ற பொருளாதார நிபுணர்கள் ரொம்பக் கம்மி. கன்ஸாஸ்ல சாம் ப்ரவுன்பேக் 2012ல அப்படி நம்பி வரியை வெட்டினாரு, வருமானம் விழுந்து பள்ளிக்கூடத்துக்குக் காசில்லாம 2017ல அவர் கட்சி சட்டசபையே அவர் வீட்டோவை மீறி வரியைத் திரும்ப ஏத்துச்சு. ஆனா ஒரு ஸ்டேட்டை வச்சு எல்லாத்தையும் முடிவு பண்ணவும் முடியாது. அதே மாதிரி 2022 ஜூன்ல விலைவாசி முந்தின வருஷத்தைவிட 9.1 சதவீதம் ஏறினதுக்கு பைடனோட 1.9 லட்சம் கோடி செலவு எவ்வளவு காரணம், கோவிட்ல சரக்கு வராதது எவ்வளவு காரணம்னு இன்னும் சண்டை ஓயலை. என் வாடிக்கையாளர்களுக்கு அந்தச் சந்தேகமே இல்ல, முட்டை விலையே அரசாங்கம் போட்ட மறைமுக வரின்னு அடிச்சுச் சொல்வாங்க. ஓரளவு காரணம்ங்கறதை டெமாக்ரட் பக்கப் பொருளாதார நிபுணர்கள் சிலரே ஒத்துக்கிட்டாங்க, எவ்வளவுங்கறதுலதான் சண்டை.

இன்னொண்ணு, "உக்காந்து சாப்பிடறவன்"னு சொல்றப்ப மனசுல யாரோட முகம் வருதுங்கற கேள்வி. மார்ட்டின் கிலென்ஸ்னு ஒரு அரசியல் ஆய்வாளர் 90கள்ல, நலத்திட்ட எதிர்ப்புக்குப் பின்னாடி கறுப்பின மக்களைப் பத்தின தப்பெண்ணத்துக்குப் பெரிய பங்கு இருக்குன்னு காட்டினாரு. அதை ஒதுக்கித் தள்ள முடியாது. அதுக்காக இந்தக் கோவம் பூராவும் அதுதான்னு சொல்றவங்களோடயும் எனக்கு ஒப்புதல் இல்ல, ப்ளம்பரோட 11,300 டாலருக்கும் தோல் நிறத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு தனி மனுஷனோட மனசுல எது எத்தனை பங்குன்னு டாக்ஸ் ரிட்டர்னைப் பாத்துச் சொல்ற வித்தை எனக்குத் தெரியாது. கட்சி விசுவாசமும் இருக்கு: கடனைப் பத்தின கவலை எதிர்க்கட்சி ஆளும்போது ஏறி, தன் கட்சி ஆளும்போது இறங்கறது கருத்துக்கணிப்புகள்ல பல தடவை வந்த விஷயம். அந்த அளவுக்கு வேணா வேஷம்னு சொல்லிக்கங்க. ஆனா 2025லயும் விடாம புலம்பற ஆள் அந்த ரகம் இல்ல, அவர் நிஜமாவே நம்பறவரு.

அதனால அவர்கிட்டப் பேசறப்ப "உங்க கட்சிதானே ஆளுது"ன்னு மடக்காதீங்க, அது அவருக்குத் தெரியாதது இல்ல, ஏற்கெனவே வெந்த புண்ணு. "எந்த வரி சார்"னு கேட்டுப் பாருங்க. 65 தாண்டினவர்னா ஸ்கூல் வரி அவருக்கு உச்சவரம்பு போட்டு உறைஞ்சிருக்கும், சிட்டியோ கவுண்டியோதான் ஏறியிருக்கும், இல்லைன்னா இன்ஷூரன்ஸா இருக்கும். அந்தப் பேச்சு எங்கேயாவது போய்ச் சேரும். அப்புறம் நீங்க வீடு வாங்கியிருக்கேன்னு சொன்னதால ஒண்ணு: ஹோம்ஸ்டெட் தள்ளுபடி தானா வராது, உங்க கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல விண்ணப்பம் போடணும், டெக்ஸாஸ் டிரைவர் லைசன்ஸ்ல இந்த வீட்டு அட்ரஸ் இருக்கணும், நியூ ஜெர்சி லைசன்ஸை வச்சுக்கிட்டுப் போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. விசால இருக்கறவங்களும் போடலாம், குடியுரிமை தேவையில்ல. இலவசம்தான், நாங்க போட்டுத் தர்றோம்னு காசு கேட்டு லெட்டர் வந்தா குப்பைல போடுங்க. வசந்த காலத்துல அப்ரைசல் நோட்டீஸ் வந்ததும் மதிப்பு அதிகம்னு தோணிச்சுன்னா பொதுவா மே 15க்குள்ள ப்ரொடெஸ்ட், அதாவது மதிப்பைக் குறைக்கச் சொல்லி ஆட்சேபனை, போடணும், நோட்டீஸ் லேட்டா வந்திருந்தா அதுல போட்டிருக்கற தேதியைப் பாருங்க. எப்படிப் போடறதுன்னு பக்கத்து வீட்டுக்காரரையே கேளுங்க, அவர் வருஷா வருஷம் போடற ஆளாத்தான் இருப்பாரு.